லடாக் டிரிப்பில் சைக்கிளின் ரியர் ஷாக் மக்கர் பண்ணுதா? ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இதைப் படிங்க!

ஆறு மாதத்துக்கு முன்பே லீவு சொல்லியாச்சு. சைக்கிளைப் பிரித்து அட்டைப்பெட்டியில் அடைத்து, சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம், அங்கிருந்து விடிய விடிய பஸ் என்று மணாலி வரை கொண்டுவந்தும் சேர்த்தாச்சு. மறுநாள் காலையில் எல்லாம் பூட்டி, ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் பொசுக்கென்று இறங்குகிறது. மிதித்தால் ஊஞ்சல் போல ஆடுகிறது. "போச்சு, ஷாக் அவுட்!"

பதற்றம் நியாயமானதுதான். பின்பக்க ஷாக் வைத்த நல்ல மவுன்டன் சைக்கிள் லட்சங்களில்தான் வருகிறது. அந்த ஷாக்கைத் திறந்து சரிசெய்யத் தெரிந்தவர்கள் பெருநகரங்களிலேயே ஒரு சிலர்தான். மணாலியைத் தாண்டினால் குதிரைக்கொம்பு. மணாலி - லே சாலையில் தாண்டி என்ற ஊரில் "அடுத்த பெட்ரோல் பங்க் 365 கி.மீ." என்று ஒரு பலகை பல வருடங்களாகப் பிரபலம். பெட்ரோலுக்கே அந்தக் கதி என்றால், ஷாக்குக்குள் இருக்கும் ஒரு ரப்பர் வளையத்துக்கு எங்கே போவது?

ஆனால், மலையேறிய பிறகு "ஷாக் போச்சு" என்று தோன்றும் பல நேரங்களில் ஷாக்கில் கோளாறே இருக்காது. நிஜமாகவே கோளாறு என்றாலும் பெரும்பாலும் சமாளித்து ஓட்டிவிடலாம். ஒரே ஒரு வகைக் கோளாறு மட்டும் வேறு ரகம். அதில் நம்ம ஊர் பழக்கப்படி "கழற்றிப் பார்த்துடுவோம்" என்று இறங்கினால் விரலோ கண்ணோ போகலாம். எது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு ஷாக் பம்பும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

உள்ளே என்னதான் இருக்கு?

இரண்டு வேலைகள், இரண்டு பகுதிகள். ஒன்று காற்று. அடைத்து வைத்த காற்று ஸ்பிரிங் மாதிரி உங்கள் எடையைத் தாங்குகிறது. இன்னொன்று ஆயில். குழியில் விழுந்து எழும்போது சைக்கிள் துள்ளாமல், நிதானமாக மேலே வரச் செய்வது இதன் வேலை. இந்த ஆயில் பகுதிக்கு டேம்பர் என்று பெயர்.

காற்றின் அழுத்தம் கொஞ்சநஞ்சமல்ல. கார் டயரில் 30 - 35 பி.எஸ்.ஐ. வைக்கிறோம். ரியர் ஷாக்கில், ஓட்டுபவரின் எடையைப் பொறுத்து 150 முதல் 250 வரை போகும். பல மாடல்களில் உச்ச வரம்பு 300 - 350 என்று ஷாக்கின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். இவ்வளவு காற்றும் அடைந்திருப்பது ஒரு டீ கிளாஸை விடச் சின்ன இடத்தில்.

அந்தக் காற்றறையிலும் இரண்டு அறைகள் உண்டு. சைக்கிளைத் தூக்கி நிறுத்துவது பெரிய அறை. அதற்கு எதிர்ப்பக்கமாக, ஷாக்கைக் கொஞ்சம் கீழே இழுத்து, சின்னக் கல்லுக்கும் மிருதுவாக அமுங்கச் செய்வது எதிர் அறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சீல். இந்த எதிர் அறையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நம்மூர்க் கடைகளில் 'டபுள் ஷாக்கர்' என்று விற்கும் விலை குறைந்த சைக்கிள்களில் இந்தச் சமாசாரமெல்லாம் கிடையாது. வெறும் சுருள் ஸ்பிரிங்தான். அதில் காற்றும் இறங்காது, ஆயிலும் ஒழுகாது. கிரீச் கிரீச் சத்தம் மட்டும் வரும்.

குளிரா, கோளாறா?

முதல் சந்தேகம் எப்போதும் குளிர் மேல்தான் வர வேண்டும். காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும் என்று பள்ளியில் படித்ததுதான். ஆனால் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

சென்னையில் 32 டிகிரி வெயிலில் ஷாக்குக்கு 200 பி.எஸ்.ஐ. அடிக்கிறீர்கள். சுமார் 4,290 மீட்டர் உயரத்தில் இருக்கும் சார்ச்சு முகாமில், 0 டிகிரி குளிரில், காலையில் எழுந்து பார்க்கிறீர்கள். ஒரு சொட்டுக் காற்றுகூட வெளியே போகவில்லை. ஆனாலும் குளிரால் மட்டும் சுமார் 22 பி.எஸ்.ஐ. குறைந்திருக்கும். அங்கே வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு என்பதால் அதில் ஒரு 6 திரும்பக் கிடைக்கும். மொத்தத்தில் ஷாக்கில் இருப்பது 184 பக்கம். கூடவே, குளிரில் ஆயிலும் கெட்டிப்பட்டு, ஷாக் சோம்பேறித்தனமாக மேலே வரும். இறங்கவும் செய்கிறது, எழவும் மாட்டேன் என்கிறது. பார்ப்பவர்களுக்குப் பழுது போலவே தோன்றும். பகல் வெயில் ஏறினால் தானாகவே பாதி சரியாகிவிடும்.

உயரத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு பயம் உண்டு, "மேலே போனால் ஷாக் வெடிச்சிடுமா?" என்று. மேலே உள்ள கணக்கிலேயே பதில் இருக்கிறது. சார்ச்சு உயரத்தில்கூட வித்தியாசம் 6 பி.எஸ்.ஐ. மட்டுமே. விமானத்தில் ஏற்றும்போது காற்றை இறக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் இதே பதில்தான். பயணிகள் விமானத்தின் சரக்கு அறையும் உள்ளே காற்றழுத்தம் வைத்ததுதான். வித்தியாசம் 4 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். காற்றை இறக்கவே வேண்டாம். அவசர அவசரமாக இறக்கினால் வேறொரு தலைவலி வரும், அதைக் கீழே பார்ப்போம்.

இன்னொரு சாதாரணக் காரணம், உங்கள் பை. வீட்டில் செட் பண்ணியபோது முதுகில் ஒன்றும் இல்லை. இப்போது தண்ணீர், ஜாக்கெட், டூல்ஸ், பிஸ்கட் பாக்கெட் என்று 6 கிலோ ஏறியிருக்கிறது. ஷாக் இறங்காமல் என்ன செய்யும்?

அதனால் முதல் வேலை, அங்கே இருக்கும் குளிரில், முழு மூட்டையோடு மறுபடியும் செட் பண்ணுவது. ஷாக்கின் பளபள தண்டின் மேல் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு, வளையத்தைத் தண்டின் அடி வரைத் தள்ளிவிட்டு, குதிக்காமல் மெதுவாக ஏறி உட்கார்ந்து, அதே மாதிரி மெதுவாக இறங்குங்கள். வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது? ஷாக் மொத்தமாக 50 மி.மீ. அமுங்கக்கூடியது என்றால் 13 முதல் 15 மி.மீ. வரை நகர்ந்திருந்தால் சரி. அதாவது கால் பங்கிலிருந்து 30 சதவீதம் வரை. அதற்கு மேல் என்றால் காற்று அடிக்க வேண்டும். அடித்தபின் அன்று மாலை வரை ஒழுங்காக இருந்தால் விஷயம் முடிந்தது. ஊர் சுற்றக் கிளம்புங்கள்.

பம்பே பொய் சொல்லும்

காற்று கசிகிறதா என்று பார்க்க, ராத்திரி 200 வைத்துவிட்டு, காலையில் பம்பை மாட்டினால் 185 காட்டுகிறது. "பார்த்தியா, 15 காணோம்!" அவசரப்படாதீர்கள். அந்த 15 எங்கேயும் ஓடவில்லை, உங்கள் பம்பின் குழாய்க்குள் போயிருக்கிறது. ஷாக்கின் காற்றறை அவ்வளவு சின்னது. காலிக் குழாயை மாட்டியதும் ஷாக்கின் காற்றே வந்து குழாயை நிரப்பும். 10 - 20 பி.எஸ்.ஐ. குறைந்து காட்டுவது சகஜம். அதேபோல, பம்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' சத்தம் பெரும்பாலும் குழாயில் இருந்த காற்று. ஷாக்கிலிருந்து போவதல்ல.

சரியாகச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 200 அடித்துவிட்டுக் கழற்றுங்கள். உடனே மறுபடி மாட்டுங்கள். இப்போது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 185 என்று வைத்துக்கொள்வோம். திரும்பவும் 200 அடித்துக் கழற்றிவிட்டு, சைக்கிளை அறைக்குள்ளேயே வையுங்கள். காலையில் மாட்டும்போது 185 பக்கம் காட்டினால் கசிவு இல்லை. 150 என்றால் கசிகிறது. இரண்டு முறையும் அதே பம்ப், ஏறக்குறைய அதே வெப்பநிலை. இது முக்கியம்.

நேராக லேவுக்கு விமானத்தில் போகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி. 3,500 மீட்டர் உயரத்துக்கு உடம்பு பழக முதல் இரண்டு நாள் சும்மா படுத்திருக்கத்தான் வேண்டும். இந்தச் சோதனைக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

சைக்கிள் டயருக்கு அடிக்கும் தரை பம்பால் இது ஆகாது. கழற்றும் நொடியிலேயே பாதிக் காற்று போய்விடும். பங்க்சர் கடை கம்ப்ரஸரும் வேண்டாம். வால்வு என்னவோ மோட்டார் பைக்கில் இருக்கும் அதே வகைதான், மாட்டவும் முடியும். ஆனால் இவ்வளவு சின்ன அறைக்குள் எவ்வளவு போகிறது என்பது அந்த அண்ணனின் கையிலும் இல்லை, நம் கையிலும் இல்லை.

நிஜமாகவே கசிந்தால்?

ஓட்டல் பாத்ரூமில் இருக்கும் ஷாம்பு பாக்கெட்டை எடுங்கள். தண்ணீரில் கலக்கி வால்வின் மேல் முதலில் விடுங்கள். குமிழி வந்தால் அதிர்ஷ்டம்தான். உள்ளே இருக்கும் வால்வு ஊசி தளர்ந்திருக்கலாம். இதை இறுக்கும் சின்ன டூல் எந்தப் பங்க்சர் கடையிலும் இருக்கும். ஒரே நிபந்தனை, ஊசியில் கை வைப்பதற்கு முன் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக முழுவதும் இறக்கிவிட வேண்டும். 200 பி.எஸ்.ஐ. பின்னால் நிற்கும்போது அந்த ஊசி தோட்டா மாதிரி.

வால்வில் இல்லாமல் தண்டு உள்ளே போகும் இடத்தில் குமிழி வந்தால் சீல் தேய்ந்திருக்கிறது, அல்லது தூசி ஏறியிருக்கிறது. லடாக்கின் பொடி மண்ணுக்கு இது பிடித்தமான இடம். ஒரு ராத்திரிக்கு 10, 20 பி.எஸ்.ஐ. குறைகிறது என்றால் நான் ஷாக்கைத் தொடவே மாட்டேன். தினமும் காலையில் பல் தேய்ப்பது மாதிரி ஒருமுறை அடித்துக்கொண்டு டிரிப்பை முடிக்கலாம். ஒரு மணி நேரத்தில் 50 போகிறது என்றால்தான் வெளிக்கூட்டைக் கழற்றி சீல் மாற்றும் பேச்சு வரும்.

அந்த வேலை பயப்படும்படி இல்லை. ஏர் கேன் சர்வீஸ் என்பார்கள். ஆயில் பகுதியைத் தொடாமல் வெளிக்கூட்டை மட்டும் கழற்றி, பழைய சீல்களை எடுத்து, புதியதைப் போட்டு, சஸ்பென்ஷனுக்கான கிரீஸ் தடவி மூடுவது. ஏற்கெனவே ஒருமுறை செய்து பழகியவர் அரை மணியில் முடித்துவிடுவார். பழகாதவர் அதை முதன்முதலாகச் செய்ய வேண்டிய இடம் சார்ச்சு கூடாரம் அல்ல. ஒன்று மட்டும், எதைக் கழற்றினாலும் மண்ணெண்ணெயில் கழுவுகிற பழக்கம் இங்கே கூடாது. ரப்பர் சீல் கெட்டுவிடும்.

இந்தப் பத்தி முழுக்க ஒரு விஷயத்தை நம்பித்தான் இருக்கிறது. காற்றை இறக்குவதற்கு முன் ஷாக் முழு நீளத்துக்கு நீண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், அடுத்ததைப் படிக்காமல் எதையும் கழற்றாதீர்கள்.

அமுங்கியது எழவே இல்லை... இதுதான் ஆபத்து

நீங்கள் இறங்கிய பிறகும் சைக்கிளின் பின்பக்கம் கீழேயே கிடக்கிறது. சீட்டைப் பிடித்துத் தூக்கினாலும் ஷாக் நீளவில்லை. பார்த்தவுடன் என்ன தோன்றும்? "காற்று எல்லாம் போய்விட்டது" என்றுதான். உண்மை பெரும்பாலும் நேர் எதிர். காற்று வெளியே போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

அந்த எதிர் அறை ஞாபகம் இருக்கிறதா? நடுவில் இருக்கும் சீல் பழுதானால், பெரிய அறையின் காற்று எதிர் அறைக்குள் புகுந்து அங்கேயே சிக்கிக்கொள்ளும். இப்போது ஷாக்கைக் கீழே பிடித்து வைத்திருப்பது அந்தக் காற்றுதான். வால்வு இருப்பது பெரிய அறையில். அதனால் வால்வை அழுத்தினால் காற்று வராது, பம்பை மாட்டினால் முள் பூஜ்யம் காட்டும். எல்லாம் காலி என்று நம்பி வெளிக்கூட்டைத் திருகித் திறந்தால், கடைசி மரை விடுபடும் கணத்தில் உள்ளே சிக்கியிருக்கும் அழுத்தம் கூட்டைப் பிய்த்துக்கொண்டு எறியும். முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு திருகுபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அமுங்கி நிற்கும் ஷாக்கைத் திறக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் எச்சரிப்பது வெறும் சம்பிரதாயத்துக்காக இல்லை.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சீல் நன்றாக இருந்தும் இதே நிலை வரலாம். யாராவது பேக்கிங் செய்யும்போது காற்றை வேக வேகமாகப் பிடுங்கிவிட்டிருந்தால், பெரிய அறை காலியாகி எதிர் அறையில் மட்டும் காற்று மிஞ்சியிருக்கும். விமானத்துக்காகக் காற்றை இறக்க வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான்.

இரண்டில் எது என்று பார்க்க ஷாக்கைக் கழற்றத் தேவையில்லை. சைக்கிளில் இருக்கும்படியே பம்பை மாட்டி, மெதுவாக அடித்துக்கொண்டே போங்கள். 100, 150, 200... ஏதோ ஒரு இடத்தில் 'டப்' என்று ஷாக் எழுந்து நீளலாம். விரல்களை இணைப்புகளுக்கு நடுவில் வைக்காதீர்கள். ஷாக்கில் அச்சிட்டிருக்கும் உச்ச வரம்பைத் தாண்டவும் கூடாது. நீண்டுவிட்டால், நாலைந்து முறை மெதுவாக அமுக்கி விடுங்கள், இரண்டு அறைகளும் சமநிலைக்கு வரும். பிறகு உங்கள் வழக்கமான அழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நாள் முழுக்க ஓட்டியும் மறுபடி அமுங்காவிட்டால் பிரச்சினை முடிந்தது.

வரம்பு வரை அடித்தும் எழவில்லையா? அல்லது எழுந்து, ஒரு மணி நேர ஓட்டத்தில் திரும்பவும் படுத்துவிட்டதா? சீல் போய்விட்டது. அந்த ஷாக்கின் கதை இந்தப் பயணத்துக்கு அவ்வளவுதான். யூடியூப் பார்த்து டிரில் போடுவது, வைஸில் மாட்டிப் பிடித்துத் திறப்பது போன்ற சாகசங்கள் வேண்டாம். அதற்கான கருவியும் பயிற்சியும் உள்ள சர்வீஸ் சென்டர்தான் அதைத் திறக்க வேண்டும்.

காற்று சரி, ஆனா துள்ளுது!

காற்று அளவு சரியாக இருக்கிறது, உட்கார்ந்தால் சரியாக இறங்குகிறது. ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் பின்சக்கரம் உங்களை மேலே தூக்கி எறிகிறது. இது ஆயில் பகுதியின் கோளாறு. ஷாக்கில் சிவப்பு நிறத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும், ஷாக் எவ்வளவு வேகமாக எழ வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதை ஒரு கோடிக்குத் திருகிவிட்டு சீட்டை அமுக்கி விடுங்கள். மறுகோடிக்குத் திருகி, திரும்பவும் அமுக்கி விடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் டேம்பர் போய்விட்டது.

தண்டின் மேல் மெல்லியதாக எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு, அது சீலுக்கே தேவை. சொட்டுச் சொட்டாக ஒழுகி ஃபிரேமை நனைத்தால்தான் கவலை. அமுக்கும்போது சதக் சதக் என்று சேற்றில் நடப்பது போல் சத்தம் வருவதும், லாக் போட்ட பிறகும் ஷாக் ஆடுவதும், ஆயிலுக்குள் காற்று கலந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

இதை வழியில் சரிசெய்ய முடியாது. சில மாடல்களில் உள்ளே அழுத்தம் ஏற்றிய நைட்ரஜனும் இருக்கும். ஆனால் சாலையில் நிதானமாக ஓட்டலாம், ஏற்றத்தில் பெரிய வித்தியாசம்கூடத் தெரியாது. கூடாதது இறக்கம். கற்கள் நிறைந்த பாதையில் வேகமாக இறங்கும்போது பின்பக்கம் துள்ளினால் ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து போய் முன்னால் விழுவார். சோலாங் பக்கம் டவுன்ஹில் பாதையில் இறங்கத்தான் வந்தேன் என்பவர்களுக்கு இது கசப்பாக இருக்கும். வேறு வழியில்லை, இந்த ஷாக்கை வைத்து அது மட்டும் வேண்டாம்.

'டொக் டொக்' சத்தம் மட்டும் வருகிறது என்றால் ஷாக்கையே சந்தேகிக்க வேண்டியதில்லை. ஷாக் ஃபிரேமில் மாட்டியிருக்கும் இரண்டு முனைகளிலும் விரலை வைத்துக்கொண்டு, இன்னொருவரை சீட்டை லேசாகத் தூக்கி விடச் சொல்லுங்கள். எங்கே ஆடுகிறது என்று விரலுக்கே தெரியும். பெரும்பாலும் புஷ் தேய்ந்திருக்கும், ஊருக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம். போல்ட் தளர்ந்திருந்தால் மட்டும் அங்கேயே அலன் கீயால் இறுக்கிவிடுங்கள். அந்த போல்ட் கழன்று விழுந்தால் ஃபிரேமே உடையக்கூடும்.

நடுவழியில் படுத்துவிட்டால் எப்படி ஊர் சேர்வது?

காற்றே நிற்காத ஷாக்கோடு ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் இரும்பும் இரும்பும் மோதும். அந்த இடி நேராக ஃபிரேமுக்குப் போகும். கார்பன் ஃபிரேம் என்றால் விரிசல் வெளியே தெரியாமலே விழலாம். ஷாக்கைக் காப்பாற்றப் போய் ஃபிரேமை இழப்பது ரொம்பக் காஸ்ட்லியான வியாபாரம்.

அமுங்கி நின்றுவிட்ட ஷாக் என்றால் தார்ச்சாலையில் மெதுவாகக் கொஞ்ச தூரம் உருட்டலாம். சைக்கிள் தாழ்ந்திருப்பதால் பெடல் தரையில் இடிக்கும், வளைவுகளில் கவனம். ஷாக்கைக் கழற்றிவிட்டு அதே நீளத்தில் ஒரு கட்டையோ அலுமினியப் பட்டையோ போட்டு ஓட்டியவர்களும் உண்டு. லேத் பட்டறை இருக்கும் ஊரில் ஒரு மணி நேர வேலைதான் அது. பஸ் நிற்கும் இடம் வரை போகலாம், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. ஃபிரேம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

உண்மையில் மணாலி - லே பாதையில் எளிய வழி இன்னொன்று. கோடையில் ஷேர் டாக்ஸிகளும் லாரிகளும் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. ஹிமாச்சல் அரசுப் பேருந்தும் அந்த சீசனில் ஓடுகிறது. கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு அருகிலுள்ள பெரிய ஊருக்குப் போய், அங்கே வேறு சைக்கிள் வாடகைக்கு எடுப்பது. மணாலி, லே இரண்டு ஊர்களிலும் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். லேயிலிருந்து கார்துங் லா வரை ஜீப்பில் ஏறி, சைக்கிளில் கீழே இறங்கும் பயணத்துக்கு இந்த வாடகை சைக்கிள்களைத்தான் தருகிறார்கள். எடுக்கும்போது பிரேக்கைப் பாருங்கள். பின்பக்கம் ஷாக் இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகணும். மணாலி - லே சாலைக்கு ரியர் ஷாக்கே தேவையில்லை. பல பேர் அதைப் பின்பக்க ஷாக் இல்லாத ஹார்ட்டெயில் சைக்கிளில்தான் முடிக்கிறார்கள். எடையும் குறைவு, கெட்டுப்போவதற்கு ஒரு பொருளும் குறைவு. ஏழு நாள் தார்ச்சாலை ஏற்றத்துக்கு ஃபுல் சஸ்பென்ஷன் எடுத்துப் போவது, திருப்பதிக்கு நடந்து போகிறவர் குடையும் கட்டிலும் சேர்த்துச் சுமப்பது மாதிரி. மலைப்பாதையில், கல்லிலும் வேரிலும் இறங்கத்தான் போகிறீர்கள் என்றால் கதை வேறு.

வேறு ஷாக் கிடைத்தால் மாட்டலாமா?

கிடைத்தால் மாட்டலாம், அளவு பொருந்தினால். இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, ஷாக்கின் ஒரு துளையிலிருந்து மறு துளை வரையான நீளம். மற்றொன்று, அது அமுங்கும் தூரம். 190×45, 210×55, 230×65 என்பது போல மி.மீ.யில் எழுதியிருப்பார்கள். பழைய சைக்கிள்களில் 200×57 போன்ற அங்குலக் கணக்கிலிருந்து வந்த அளவுகள் இருக்கும். நீளம் சரியாக இருந்து, அமுங்கும் தூரம் மட்டும் அதிகமாக இருந்தாலும் ஆபத்துதான். பின்சக்கரம் ஃபிரேமில் வந்து இடிக்கலாம். மேல்முனையில் துளை இல்லாமல், இரண்டு பக்கமும் போல்ட் போடும் 'டிரனியன்' வகைக்கும் சாதாரண வகைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஸ்காட் ஸ்பார்க்கின் புதிய மாடல்கள் போல ஷாக்கையே ஃபிரேமுக்குள் ஒளித்து வைத்திருக்கும் சைக்கிள் என்றால் வழியில் கடன் வாங்கி மாட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

இந்த அளவுகளை, இரண்டு முனைகளின் புஷ் அகலத்தோடு சேர்த்து, கிளம்பும் முன்பே போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்வது நல்லது. சீரியல் எண்ணையும் சேர்த்து. ஜிஸ்பாவில் உட்கார்ந்து பெங்களூரு கடைக்காரரிடம் போனில் பேசும்போது, நெட்வொர்க் போவதற்குள் அவர் முதலில் கேட்பது இதைத்தான்.

கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள்?

ராக்‌ஷாக்ஸ், ஏர் கேனை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கவனிக்கச் சொல்கிறது. டேம்பரோடு முழு சர்வீஸுக்கு 200 மணி நேரம். ஃபாக்ஸ் நிறுவனத்தின் கணக்கு 125 மணி நேரம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அது. வார இறுதியில் நான்கு மணி நேரம் ஓட்டுபவருக்கு 50 மணி நேரம் என்பது மூன்றே மாதம். நம்மில் பலர் மூன்று வருடமானாலும் திறப்பதில்லை.

டிரிப்புக்கு முந்தைய நாள் சர்வீஸுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் முன்பே கொடுத்து, வாங்கி வந்து, இரண்டு மூன்று வாரம் உள்ளூரில் ஓட்டிப் பார்த்தால் சரியாக மூடாத சீல் இங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். பையில் ஷாக் பம்ப், உங்கள் மாடலுக்கான சீல் கிட், வால்வு டூல். மூன்றும் சேர்த்து ஒரு மதிய டப்பா எடைதான். சீல் கிட்டை உங்களால் மாட்ட முடியாவிட்டாலும் எடுத்துப் போங்கள், மாட்டத் தெரிந்த சக பயணி எங்காவது தட்டுப்படுவார்.

அமுங்கி நின்றுவிட்ட ஷாக்கை ஊருக்கு வந்து சர்வீஸுக்கு அனுப்பும்போது ஒரு காகிதத்தில், "எழவில்லை, உள்ளே காற்று சிக்கியிருக்கிறது" என்று பெரிய எழுத்தில் எழுதி ஷாக்கின் மேலேயே ஒட்டி அனுப்புங்கள். கொரியர் பெட்டியைப் பிரிப்பவரும், ஷாக்கைத் திறப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை.